பழைய லாக் கேபின் கில்ட்டின் பிளாக் வரிசையை அப்படியே எடுப்பது எப்படி? கீழ் இரண்டு வரிசை பிடிபடவில்லை

ஒஹாயோ ஊசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு பழைய கில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை) இருக்கிறது, அவருடைய பாட்டி காலத்தது என்கிறார். லாக் கேபின் என்கிற டிசைன். நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி ஒல்லி ஒல்லியான துணிப்பட்டைகள், ஒரு மூலையை ஒட்டிய இரண்டு பக்கமும் வெளிர் நிறம், எதிர் மூலையை ஒட்டிய இரண்டு பக்கமும் அடர் நிறம். துணி இற்றுப்போய்விட்டது. பழுப்புப் பட்டைகளைத் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. அதனால் இதைப் பழுது பார்க்கச் சொல்லவில்லை, இதே போலப் புதிதாக ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு சதுரத்துக்கு பிளாக் என்று பெயர், அதைத் தைப்பது எனக்குப் பழக்கம்தான். அடுக்கியிருக்கும் முறைதான் குழப்புகிறது. குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80 பிளாக். தள்ளி நின்று பார்த்தால் நடுவிலிருந்து ஒன்றைச் சுற்றி ஒன்றாக டைமண்ட் வளையங்கள் விரிகின்றன. ஆனால் அந்த நடு டைமண்ட் போர்வையின் சரி நடுவில் இல்லை, மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழ் இரண்டு வரிசையில் வளையமே அறுந்துபோய், நான்கு அடர்நிற டைமண்டுகள் தனித்தனியாக வரிசைகட்டி நிற்கின்றன. கிட்டே போய் ஒவ்வொரு பிளாக்காக எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் மூன்றாவது வரிசைக்குள் எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண் பூத்துவிடுகிறது.

அளவும் உதைக்கிறது. சில பிளாக் எட்டேமுக்கால் இன்ச், சில எட்டரை, ஒன்றிரண்டு ஒன்பதைத் தொடுகின்றன. எதை நம்புவது?

துணிக்கடையில் ஒருவர், பழைய காலத்துப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டுத் தைப்பார்கள், குறையில்லாதவர் கடவுள் மட்டும்தான் என்பதற்காக, அதனால் கீழ் வரிசையை அப்படியே வை என்றார். இன்னொருவர் லாக் கேபின் என்றாலே அந்தக் காலத்து அமெரிக்காவில் அடிமைகள் தப்பிப் போகும் வழியைக் காட்டும் ரகசிய அடையாளம், திசையை மாற்றினால் அர்த்தம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார். பிழை என்றால் திருத்தி வைக்கட்டுமா, இல்லை அப்படியே எடுக்கட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டம் போட்ட நோட்டு:

முதலில் கில்ட்டைத் தரையில் விரித்து, நாற்காலி மேலோ மாடிப்படியிலோ ஏறி நின்று நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். சாய்வாக எடுத்தால் தூரத்து வரிசை ஒடுங்கித் தெரியும், எண்ணும்போது தப்பு வரும். அந்தப் படத்தை போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். இதுதான் பாதி வேலை. பூப்போட்டது, கோடு போட்டது, சிவப்பு, பச்சை எல்லாம் மறைந்து வெளிர், அடர் இரண்டு மட்டும் மிஞ்சும். லாக் கேபினில் வடிவத்தை உண்டாக்குவது அந்த இரண்டும்தான், நிறம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

அப்புறம் கட்டம் போட்ட தாளில் ஒரு பிளாக்குக்கு ஒரு கட்டம். பிளாக்கை வரையாதீர்கள், பட்டைகளை எண்ணாதீர்கள். அடர்நிற மூலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். ஒரு பிளாக் நான்கே விதமாகத்தான் திரும்ப முடியும், அதனால் நான்கே அம்பு. ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதினால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் 80 கட்டமும் முடியும்.

நீங்கள் சொல்லும் டைமண்ட் வளையத்துக்கு பார்ன் ரைசிங் என்று பெயர். அதன் நடு 16 கட்டம் இப்படி இருக்கும்:

↘ ↖ ↗ ↙
↖ ↘ ↙ ↗
↙ ↗ ↖ ↘
↗ ↙ ↘ ↖

தனித்தனி டைமண்டாக நிற்பது சன்ஷைன் அண்ட் ஷேடோ. அது இப்படி:

↘ ↙ ↘ ↙
↗ ↖ ↗ ↖
↘ ↙ ↘ ↙
↗ ↖ ↗ ↖

இரண்டிலும் நான்கு அடர் மூலைகள் ஒன்றுகூடி ஒரு டைமண்ட் ஆகும், அதை மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதை ஒட்டிய அடுத்த பிளாக்கைப் பாருங்கள். பார்ன் ரைசிங்கில் நடுவிலிருந்து நான்காகப் பிரித்த ஒரு கால்பாகத்துக்குள் எங்கே போனாலும் மூலைவிட்டக் கோடு ஒரே சாய்வில்தான் இருக்கும், அடரும் வெளிரும் மட்டும் பக்கம் மாறும். மற்றதில் ஒவ்வொரு பிளாக்குக்கும் சாய்வே புரண்டுவிடும். தாளில் அம்பு போட்டபின் இது பளிச்சென்று தெரியும், துணியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எலக்ட்ரிக் கில்ட் மாதிரி மென்பொருள் வைத்திருந்தால் அதிலும் செய்யலாம். எனக்கு நோட்டுதான் சௌகரியம், தைக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பழந்துணிப் பைத்தியம்:

அம்புக்குறி யோசனை நல்லது, நானும் அப்படித்தான் செய்வேன். உங்கள் கேள்வியில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. நெடுக்கே 10 வரிசை என்றால் பார்ன் ரைசிங்கின் நடு 5ஆம் வரிசைக்கும் 6ஆம் வரிசைக்கும் இடையில் வரவேண்டும். உங்களுடையதில் மேலே ஏறியிருக்கிறது என்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள், 4க்கும் 5க்கும் இடையில் இருந்தால் அது 8க்கு 8 ஆகத் தைத்து முடித்த கில்ட். கீழே இருக்கும் இரண்டு வரிசை பிற்பாடு யாரோ ஒட்டுச் சேர்த்தது. சதுரமாக இருந்ததைக் கட்டில் நீளத்துக்கு இழுத்திருப்பார்கள். பழைய வீட்டு உபயோகக் கில்ட்டில் நீளம் கூட்டுவதும் குறைப்பதும் சாதாரணம்.

இதை உறுதிப்படுத்த மூன்று இடம் பாருங்கள்.

ஒன்று, பட்டை சுற்றியிருக்கும் திசை. அடர் மூலை வலது கீழே வருமாறு ஒரு பிளாக்கை வைத்துப் பாருங்கள். கடைசியாகத் தைத்த பட்டைதான் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை முழு நீளத்துக்கு ஓடும். அது கீழ் விளிம்பில் இருந்தால் கடிகாரச் சுற்று, வலது விளிம்பில் இருந்தால் எதிர்ச்சுற்று. ஒரு பிளாக்கை எப்படித் திருப்பினாலும் இந்தச் சுற்று மாறாது. மேலே 64 பிளாக்கும் ஒரு சுற்று, கீழே 16ம் மறுசுற்று என்றால் வேறு கை என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

இரண்டு, அடித்துணி. இந்த மாதிரிக் கில்ட்டுகளில் பெரும்பாலும் ஒரு சதுர அடித்துணிமேல் பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்து மடித்துக்கொண்டு போவார்கள். உங்களுடையதில் பழுப்பு உதிர்ந்த இடங்களில் அந்த அடித்துணி எட்டிப் பார்க்கும். மேலேயும் கீழேயும் ஒரே துணிதானா?

மூன்று, துணியின் வயது. பழுப்பு தானாகப் பொடியாவது இரும்புச் சத்து சேர்த்து ஏற்றிய சாயத்தின் வேலை, அந்த இரும்பு பருத்தி இழையை உள்ளேயிருந்து தின்றுவிடும். பழுப்பு, அவுரி நீலம், இளஞ்சிவப்புமேல் அடர் இளஞ்சிவப்புப் பூப்போட்ட துணி இதெல்லாம் சேர்ந்து இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று ஊகிக்கலாம். வெள்ளைத் தரையில் குட்டிக் குட்டிப் பூவும் மென்மையான இளம்பச்சை, லாவெண்டர், மிட்டாய் ரோஸும் கண்ணில் பட்டால் அது 1930கள் பக்கம். தீவனமும் மாவும் வந்த துணி மூட்டைகளையே பிரித்து வெட்டித் தைத்த காலம் அது. கீழ் வரிசையில் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் அந்த இரண்டு கதைகள். வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்பது எல்லாத் துணிக்கடையிலும் கேட்கும் கதை. கில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறார்கள். 80 பிளாக்கை இரவு விளக்கில் கையால் தைத்தவருக்குப் பிழையை வேண்டுமென்று செய்ய வேண்டிய அவசியம் என்ன, தானாகவே வரும். அடிமைகளுக்கான ரகசிய அடையாளம் என்பது 1999இல் வந்த ஒரு புத்தகத்தால் ஊரெல்லாம் பரவியது, வரலாற்றாளர்கள் அதை ஏற்கவில்லை. கணக்கும் இடிக்கிறது. லாக் கேபின் பரவலானதே 1860களில், உள்நாட்டுப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும்தான். 1865 முடிவில் அடிமை முறையே சட்டப்படி ஒழிந்தாயிற்று. திசையை மாற்றினால் அர்த்தம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

ஒஹாயோ ஊசி:

ஐயோ, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. நடு டைமண்ட் 4க்கும் 5க்கும் இடையில்தான். கீழ் 16 பிளாக்கும் எதிர்ச்சுற்று, மேலே ஒன்றுகூட அப்படி இல்லை. எட்டாம் வரிசையில் ஒரு பழுப்புப் பட்டை போன இடத்தில் அடியில் நீலக்கோடு போட்ட சட்டைத்துணி தெரிகிறது, பத்தாம் வரிசையில் கிழிசல் வழியாக வெறும் வெள்ளைத் துணிதான், அதில் வெளிறிப்போன எழுத்து அச்சு கூட இருக்கிறது, படிக்க முடியவில்லை. இளம்பச்சையும் இருக்கிறது, கீழே மட்டும். இத்தனை நாள் இதன்மேல் காபி டம்ளர் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம், யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கேள்வி வேறாகிவிட்டது. எந்தக் கில்ட்டை நான் தைப்பது? முதலில் இருந்த 8க்கு 8ஐயா, இப்போது இருப்பதையா? இல்லை, 8க்கு 10ஆகவே வைத்து பார்ன் ரைசிங்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாமா?

கட்டம் போட்ட நோட்டு:

என் கணக்கில் மூன்றாவதுதான் சரி. இரண்டு பக்கமும் இரட்டைப்படை எண், நடு சுத்தமாக வந்து உட்காரும். கீழே இருப்பது ஒட்டுவேலை என்று தெரிந்தபிறகும் அதை எதற்குச் சுமக்க வேண்டும்?

பழந்துணிப் பைத்தியம்:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது அழகாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு கில்ட் அந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. ‘இதே போல’ என்றுதானே கேட்டிருக்கிறார். 8க்கு 8 என்றால் அவருடைய பாட்டியின் கில்ட், 8க்கு 10 என்றால் அவர் பிறந்ததிலிருந்து பார்த்த கில்ட். இரண்டில் ஒன்று. நாம் இங்கே அடித்துக்கொள்வதைவிட அவரிடமே கேளுங்கள், தாளில் இரண்டு அம்புப் படமும் போட்டுக் காட்டினால் அவருக்கும் புரியும்.

இன்னொன்று, நீங்கள் எதைத் தேர்ந்தாலும் மேலே 64ஐக் கடிகாரச் சுற்றில் வையுங்கள். கீழ் 16ஐ எதிர்ச்சுற்றில் தைப்பது உங்கள் விருப்பம். பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும், அதனால் நான் தைப்பேன். இப்போதே தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள், இற்ற பழுப்பு அடுத்த வருடம் இருக்காது. தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஈரோட்டு டெய்லர்:

எனக்குக் கில்ட் வரலாறு தெரியாது, துணியும் அளவும் தெரியும். அம்மணி, ஒவ்வொரு பிளாக்காக அளந்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். துவைத்துத் துவைத்துச் சுருங்கியது, கையால் தைத்ததில் தையல் ஏறி இறங்கியது, எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றும் ஒரு அளவு காட்டும். முழு அகலத்தை அளந்து 8ஆல் வகுங்கள். 70 இன்ச் வந்தால் எட்டேமுக்கால். துவைத்தபின் எட்டேமுக்கால் என்றால் தைத்தபோது 9 என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுச் சதுரம் ஒன்றரை இன்ச், சுற்றிலும் ஐந்து சுற்றுப் பட்டை, ஒவ்வொன்றும் முக்கால் இன்ச் என்றால் சரியாக 9 வரும். உங்களுடையதில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், மாறினால் கணக்கும் மாறும். தையலுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் விடவேண்டும், ஆக நடுச் சதுரம் 2 இன்ச்சாக, பட்டை ஒன்றேகால் இன்ச்சாக வெட்டுங்கள். பட்டையைப் பாவு நூல் போகிற வாக்கில், நீளவாட்டத்தில் வெட்டினால் இழுபடாது. ஊடைவாக்கில் வெட்டினால் கொஞ்சம் கொடுக்கும், கிராஸாக, அதாவது சாய்வாக வெட்டினால் பிளாக் பூராவும் நெளியும். 80 பிளாக்குக்கு 1600 பட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் தவறினாலும் கடைசி ஓரத்தில் வந்து உதைக்கும். அதற்குத்தான் அடித்துணி.

அடித்துணிக்கு நம்மூர் காடாத்துணி மாதிரி ஒன்று போதும், ஆனால் முதலில் நனைத்துக் காயப்போட்டுச் சுருக்கம் எடுத்துவிடுங்கள். 10 இன்ச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை மடித்துத் தேய்த்தால் நடுப்புள்ளி கிடைக்கும். நடுச் சதுரத்தை அதில் வைத்துத் தொடங்குங்கள். முடிந்ததும் ஒன்பதரைக்கு வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் இஸ்திரிப்பெட்டி வைக்கவேண்டும், கையால் நீவிவிட்டு அடுத்ததற்குப் போனால் தையலோரத்தில் துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வெளிர் முதலில் தைத்து அடர் பின்னால் வந்திருக்கிறதா, மாற்றியா? பின்னால் வருவது வெளியே இருக்கும், அதனால் நீளமும் அதிகம். அடர் வெளியே வந்தால் ஒரு பிளாக்குக்கு அடர்ப்பட்டை 61 இன்ச் சொச்சம், வெளிர் 54 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. பார்வைக்கும் அடர் வளையம் சற்றுத் தடித்துத் தெரியும். இதை மாற்றித் தைத்துவிட்டால் அம்பெல்லாம் சரியாக இருந்தும் மொத்தத்தில் ஏதோ வேறாகத் தெரியும், என்னவென்றும் பிடிபடாது.

துணிக் கணக்கு, 40 இன்ச் உபயோக அகலம் என்று வைத்து: அடர் நாலேகால் கெஜம், வெளிர் மூணேமுக்கால் கெஜம், இது மொட்டைக் கணக்கு, வாங்கும்போது அடர் 5, வெளிர் நாலரை வாங்குங்கள். சிவப்பு கால் கெஜம் போதும். அடித்துணி 6 கெஜம். எல்லாம் ஒரே துணியில் வாங்கிவிடாதீர்கள், கால் கெஜம் கால் கெஜமாகப் பல துணி எடுங்கள், அப்போதுதான் பழசு மாதிரி இருக்கும்.

ஒஹாயோ ஊசி:

அந்த அம்மாவிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். 8க்கு 10தான் வேண்டுமாம், அந்த நான்கு டைமண்டும் இருக்கவேண்டுமாம். அவர்கள் வீட்டில் அந்தப் பக்கம்தான் எப்போதும் கால்மாடு, டைமண்டைப் பார்த்துத்தான் போர்வையைத் திருப்பிப் போடுவார்களாம். தலைமாட்டுப் பக்கம் காலைப் போட்டால் அவருடைய அம்மா திட்டுவாராம்! ஆக கட்டம் போட்ட நோட்டு மன்னிக்கவும், பைத்தியம் ஜெயித்துவிட்டார். கீழ் 16ஐ எதிர்ச்சுற்றிலேயே தைக்கப்போகிறேன்.

டெய்லர் அண்ணா, சுற்று எண்ணிவிட்டேன், ஐந்துதான். நீங்கள் சொன்ன மாதிரி அடர்தான் வெளியே, மேலும் கீழும் இரண்டிலும். கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். 80 பிளாக்கையும் அடுக்கிவிட்டுத் தைக்க எடுக்கும்போது திசை மாறாமல் இருக்க என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. அப்புறம், பஞ்சு வைத்துத் தையல் ஓட்டவேண்டுமா? பழையதைத் தடவிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருப்பது போலத் தெரியவில்லை, அங்கங்கே நூல் முடிச்சு மட்டும் இருக்கிறது.

பழந்துணிப் பைத்தியம்:

முடிச்சுதான் சரி. அடித்துணியும் பட்டையும் தையலோரங்களும் சேர்ந்து ஏற்கனவே கனம், அதன்மேல் பஞ்சும் வைத்துக் கையால் ஓட்டினால் ஊசி இறங்காது, விரல்தான் போகும். பழைய லாக் கேபின் நிறைய இப்படித்தான், பஞ்சில்லாமலோ மெல்லிசாக வைத்தோ, பின்துணியோடு முடிச்சுப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். பழையதில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து அங்கேயே போடுங்கள். பிளாக் கூடும் மூலைகளில் இருக்கலாம், நடுச் சிவப்பிலும் இருக்கலாம்.

கட்டம் போட்ட நோட்டு:

மன்னிப்பெல்லாம் எதற்கு, கால்மாட்டுக் கதைக்கு முன்னால் என் இரட்டைப்படை என்ன செய்யும்.

திசைக்கு: ஒவ்வொரு பிளாக்கின் மேல் இடது மூலையிலும் சின்னத் தாள் குத்துங்கள், ‘3-5’ என்றால் மூன்றாம் வரிசை ஐந்தாவது. எப்போதும் மேல் இடது மூலைதான், மாற்றாதீர்கள். அப்போது தாள் இருக்கும் இடமே எது மேல்பக்கம் என்று சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்காமல் ஒரு வரிசையை மட்டும் இடமிருந்து வலமாக அடுக்கி எடுத்து, தைத்து, திரும்பத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குண்டூசி பூனைக்கு ஆகாது, துணி கிளிப் இருந்தால் அதைப் போடுங்கள்.

ஈரோட்டு டெய்லர்:

வரிசைகளைச் சேர்க்கும்போது ஒற்றைப்படை வரிசையின் தையலோரத்தை வலப்பக்கமும் இரட்டைப்படை வரிசையினுடையதை இடப்பக்கமும் மடித்துத் தேயுங்கள். மூலை கூடும் இடத்தில் இரண்டும் எதிரெதிராகக் கவ்விக்கொள்ளும், இல்லாவிட்டால் அங்கே முட்டு முட்டாக நிற்கும், மிஷின் ஊசி உடையும். ஊசி 14ஆம் நம்பருக்குக் குறையாமல் போடுங்கள்.

ஒஹாயோ ஊசி:

சரி. சனிக்கிழமை துணிக்குப் போகிறேன். பழையதில் பார்டர் இல்லை, ஓரத்தில் குறுகலாக ஒரு பட்டி மட்டும்தான், அதையே வைக்கிறேன். இளம்பச்சை கிடைக்காவிட்டால் திரும்ப வந்து கேட்பேன்.